வருஷத்துக்கு ஒரு பூ

என் வீட்டுக்காரருக்குக் கொடைரோடு ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் வேலை. நாங்கள் குடியிருந்தது திண்டுக்கல் நாகல் நகரில். காலை பாசஞ்சரில் போவார், சாயங்கால வண்டியில் திரும்புவார். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் காய்கறிக்காரர்கள் பாசத்தோடு கொடுக்கும் எதையாவது வாங்கிக்கொண்டு வருவது அவர் வழக்கம். ஒரு நாள் அடிபட்ட பேரிக்காய் வரும், இன்னொரு நாள் காம்பு ஒடிந்த முட்டைக்கோஸ் வரும். ஆகவே ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதச் சாயங்காலம், ஈரச் சாக்கில் எதையோ சுற்றி இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது, நான் அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"வெங்காயத்தாளா? பருப்புப் போட்டு ஒரு வெஞ்சனம் வச்சிரவா?" என்றேன்.

அவர் சட்டென்று சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். "தொட்டுறாத. இது பூச்செடி. தொரைசாணி குடுத்தது."

அந்த வெள்ளைக்காரத் துரைசாணி கொடைக்கானலில் வெகுகாலம் இருந்தவராம். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு சொந்த தேசத்துக்குப் போகிறார். ஏகப்பட்ட பெட்டி படுக்கைகளோடு ஒரு மரப்பெட்டியில் இந்தச் செடியும் இருந்திருக்கிறது. கப்பலில் மண்ணும் செடியும் ஏற்ற மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். துரைசாணி பிளாட்பாரத்தில் நின்றிருந்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக என் வீட்டுக்காரரிடம் வந்து, அவருடைய வேதக்கோயில் தமிழில், "சகோதரரே, இதைத் தங்களிடம் ஒப்புவிக்கிறேன். இது கோடைகாலம் முழுவதும் புஷ்பிக்கும். ஒவ்வொரு புஷ்பத்துக்கும் ஒரே நாள்தான் ஆயுசு. ஆனாலும் மறுநாள் வேறொன்று மலரும்" என்றாராம்.

"அம்புட்டுப் பேர்ல என்னையத்தான் தேர்ந்தெடுத்தாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அதைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்திருந்தது.

"பேரு என்னவாம்?"

"டே லில்லி."

"ஏங்க அதப் போயி டேய்னு அதட்டுறீங்க?"

எனக்கு அவ்வளவுதான் இங்கிலீஷ். பக்கத்து வீட்டு டீச்சர் மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி விளக்கினார். டே என்றால் பகல் அல்லது நாள், ஒரே நாள் பூக்கும் லில்லி என்று அர்த்தம். டீச்சர் எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கும் தையலும் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார், பொய் சொல்ல மாட்டார். அடுத்த வீட்டில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது குணம் எவ்வளவு சங்கடம் என்பதை நான் போகப் போகத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கொல்லையில் இருந்தது நாலு கட்டில் போடுகிற அளவு இடம்தான். அதில் நாலு கத்தரிச் செடி, ஒரு முருங்கை, ஒரு மல்லிகைப் பந்தல் வைத்திருந்தேன். கிணறு உண்டு. சித்திரை பிறந்தால் அதில் வாளி தரையில் மோதுகிற சத்தம்தான் கேட்கும். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு நாகல் நகர் முழுக்கக் குடத்தோடு ஓடும். அப்படிப்பட்ட ஊரில், நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த இரண்டு கத்தரிச் செடிகளை என்னைக் கேட்காமல் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் லில்லியை நட்டார்.

"கத்தரிக்காய்தான் கடையில கெடைக்குமே" என்றார்.

"கடையில கெடைக்கிறத வாங்கியாந்து குடுத்தாச் சரி" என்றேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் அது ஒரு பூவும் பூக்கவில்லை. இலை மட்டும் நன்றாக வந்தது. நீளநீளமாக எழும்பி, வளைந்து, நாலாபக்கமும் சரிந்து விழுந்தது. டீச்சர் எட்டிப்பார்த்து, "புல்லு நல்லா வந்திருக்கேம்மா. மாடு வாங்கப் போறீகளா?" என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். ஏனென்றால் நாங்கள் அர்த்தம் கேட்ட லில்லி இதுதான் என்று அவருக்குத் தெரியாது, துரைசாணி கதையை என் வீட்டுக்காரர் அவரிடம் இன்னும் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சொன்னார்.

"புது எடம். மொத வருஷம் கூச்சப்படும்" என்பது என்னிடம் அவர் சொன்ன சமாதானம்.

இரண்டாவது வருஷமும் அது கூச்சப்பட்டது. இவர் விடவில்லை. அரிசி கழுவிய தண்ணீர், புளித்த கஞ்சி, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்கே போனது. என் மல்லிகைக்குப் பாத்திரம் கழுவின தண்ணீர்தான். யாரோ டீத்தூள் நல்லது என்றார்கள். நாங்கள் டீ குடிக்கிற வீடு இல்லை, அதற்காகக் குடிக்க ஆரம்பித்தோம். வேரில் ஏதோ பூச்சி இருக்கிறது, அதனால்தான் பூக்கவில்லை என்று ரயிலில் கூட வருகிற ஒருவர் சொன்னார். எங்கள் ஊரில் பூச்சிக்கு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. புகையிலைக் கிட்டங்கியில் கேட்டால் தூள் அள்ளிக் கொடுப்பார்கள். ஒரு மஞ்சப்பை நிறைய வாங்கிவந்து, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், ஆடிக் காற்று சுழன்றடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

தூளில் பாதி செடிக்குப் போயிருக்கலாம். மீதி சுவர் ஏறியது. அந்தப் பக்கம் டீச்சரின் கணவர் கோயிலுக்குப் போகிற வெள்ளை வேட்டியோடு கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் தும்ம ஆரம்பித்தார். டீச்சர் தும்மினார். நான் தும்மினேன். தெருவில் போன வளையல்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் தும்மினார். டீச்சர் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகம் அத்தனையும் காரமாகப் போனது. மூன்று நாள் கழித்து அதில் இரண்டை வறுத்து, சோற்றோடு எங்களுக்கே கொடுத்தனுப்பினார். நாங்கள் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தோம்.

மூன்றாவது வருஷம் வைகாசியில் நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பியது. முதலில் பார்த்தது நான்தான். சொன்னால் தாங்க மாட்டாரே என்று அரை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடினார். தண்டின் நுனியில் இரண்டு மொட்டுகள் இருந்தன. விரல் போல ஒன்று, அதற்குக் கீழே சுண்டுவிரல் போல ஒன்று. மொட்டு பருக்கப் பருக்க இவர் சோறு குறைந்தது. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை, தும்மல்கூட அதன் மேல் படாத தூரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பார்.

முதல் பூ அவர் வேலைக்குப் போன பிறகு விரிந்தது.

நான் ஈரத்துணியைக் கொடியில் போடப் போனேன். போட்ட துணியை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வருஷமாகப் புல் என்று நான் திட்டிக்கொண்டிருந்தது அப்படியொரு பூவை வைத்துக்கொண்டிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. உள்ளங்கை அகலம் இருந்தது. ஆறு இதழும் ஓரத்தில் லேசாகச் சுருங்கி, பின்பக்கமாக வளைந்திருந்தது. வெளியே ஒரு மஞ்சள், உள்ளே போகப் போகச் சிவப்பு, தொண்டையில் மறுபடி பச்சை கலந்த மஞ்சள். வெயில் அதன் மேல் விழவில்லை, அதற்குள்ளிருந்து வந்தது போலத்தான் இருந்தது. டீச்சரைக் கூப்பிட்டேன். டீச்சர் பார்த்துவிட்டு, "ஆண்டவரே" என்றார். அன்று எங்கள் இரண்டு வீட்டிலும் குழம்பு தீய்ந்தது.

மத்தியானம் தாண்டியதும் பூ சோர ஆரம்பித்தது. நான் குடையை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் தெளித்தேன். அன்று பார்த்து சாயங்கால வண்டி தாமதம். அவர் வந்து சேர்ந்தபோது பூ, நனைந்த துணிப் பொட்டலம் போலச் சுருண்டு தொங்கியது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சமையல்கட்டில் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சொல்லு" என்றார்.

"என்னத்தச் சொல்ல?"

"பூ எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"அது தெரியும். என்ன நெறம்?"

"மஞ்சளுங்க. உள்ள செவப்பு."

"மஞ்சள்னா எந்த மஞ்சள்?"

எழுந்துபோய்த் துவரம்பருப்பில் ஒரு கை அள்ளி வந்து காட்டினேன். "இதுவா?" என்றார். "இல்ல, இத விட வெளுப்பு" என்று கடலைப்பருப்பை எடுத்து வந்தேன். அது கொஞ்சம் அதிக வெளுப்பு. இரண்டையும் கலந்து பார்த்தோம். மஞ்சள்தூள் டப்பா வந்தது, அது முரட்டு மஞ்சள். நெய்யை உருக்கிப் பார்த்தேன். கடைசியில் பழுத்த மாம்பழத்தின் தோலில், காம்புக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டு, "இந்த எடம்" என்றேன். அவர் அந்த மாம்பழத்தை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"செவப்பு?"

குங்குமம், வற்றல் மிளகாய், என் கல்யாணப் புடவைத் தலைப்பு எல்லாம் வந்தன. தலைப்பில் ஒத்துப்போனது. மாம்பழத்தைப் புடவைத் தலைப்பில் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "ஆங்" என்றார். பார்த்துவிட்ட மாதிரித்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

இரண்டாவது மொட்டு இன்னும் நாலைந்து நாளில் விரியும் போலிருந்தது. இந்த முறை லீவு போடுவது என்று முடிவு பண்ணினார். மொட்டு நன்றாகப் பருத்து நுனி நெகிழ்ந்ததும், அன்று ஸ்டேஷனில் போய் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் நின்றிருக்கிறார். பூ பார்க்க லீவு வேண்டும் என்று எப்படிக் கேட்பது? மேலதிகாரியிடம் பொய் சொல்லவும் அவருக்கு வராது. நெளிந்திருக்கிறார், கையைப் பிசைந்திருக்கிறார். கடைசியில், "சார், வீட்ல விசேஷம்" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் மனசில் நினைத்தது பூவை. கல்யாணமாகி நாலு வருஷமாகக் குழந்தையில்லாத ஒருவன் நெளிந்துகொண்டு வந்து வீட்டில் விசேஷம் என்று சொன்னால், எந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கும் வேறு ஒன்றுதான் தோன்றும். "ரொம்ப சந்தோஷம்ப்பா, ரொம்ப சந்தோஷம். போ, பக்கத்துல இருந்து பார்த்துக்கோ" என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறார். செடிமேல் இவ்வளவு பிரியமுள்ள அதிகாரியா என்று இவருக்குக் கண்ணீர் வந்துவிட்டதாம்.

மறுநாள் காலையில் பூ விரிந்தது. அவர் கண்ணெதிரிலேயே விரிந்தது. அவர் குளிக்கவில்லை, பல் மட்டும் தேய்த்தார். நான் உளுந்தை ஆட்டி வடை போட்டுக்கொண்டிருந்தேன். பத்துப் பதினோரு மணி இருக்கும், வாசலில் குதிரை வண்டி நின்றது. ஸ்டேஷன் மாஸ்டரும் அவர் சம்சாரமும் இறங்கினார்கள். அந்தம்மா கையில் ஒரு பெரிய கூடை.

என்னைப் பார்த்ததும் அந்தம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கன்னத்தையும் வழித்துத் திருஷ்டி கழித்தார். "ஏந்தாயி, இப்பப் போயி அடுப்புக்கிட்ட நிக்கலாமா? உக்காரு, உக்காரு." வடைக் கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். மேலதிகாரி சம்சாரம் வந்து நம் அடுப்பில் வடை திருப்புகிறாரே என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூ பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் எல்லாம் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தன மாசமாச்சும்மா?" என்று கேட்டார்.

"மாசமா? மூணு வருஷம் ஆச்சுங்கம்மா" என்றேன்.

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என் சங்கடத்தைப் புரிந்துகொண்டவர் போலத் தலையாட்டினார். "நாளாயிருச்சேன்னுதான் ஏக்கம், இல்ல? வெசனப்படாத. இப்பத்தான் நல்லபடியா ஆயிருச்சே. என்ன குடுக்குறாக? ஒழுங்காக் குடுக்குறாகளா?"

"அதெல்லாம் கொறையே இல்லங்கம்மா. அரிசி கழுவுன தண்ணி, புளிச்ச கஞ்சி, மீன் கழுவுன தண்ணி. போன வருஷம் புகையிலைத் தூள் ஒரு பை நெறைய."

கரண்டி எண்ணெயில் விழுந்தது.

"புகையிலையா?"

"அவுகதான் வாங்கியாந்து போட்டாக. நான் வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல. காத்துல பறந்து ஊரே தும்முச்சு."

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போய், "ஏங்க, இந்தப் புள்ளைய மொதல்ல நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்று தன் கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து, "எங்கம்மா உம் புருஷன்?" என்று என்னிடம் வந்தார். குரல் மாறியிருந்தது.

"கொல்லையிலங்க. பூவுகிட்ட."

"எந்தப் பூ?"

"அதானேங்க விசேஷம்" என்றேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்னையும், கூடையையும், கொல்லைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். கூடையில் பச்சை மாங்காயும், சாத்துக்குடியும், ஒரு டஜன் கண்ணாடி வளையலும் இருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது. தரை பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டு டீச்சர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவருக்கு ஜாடையெல்லாம் எங்கே புரியும்? "வாங்க சார், பூவப் பாக்க வந்தீகளா? மூணு வருஷத்துல ரெண்டாவது பூவுங்க. இதுக்காகவே லீவு போட்டுட்டு ஒக்காந்திருக்காரு" என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கொல்லைக்குப் போனார். என் வீட்டுக்காரர் அதிகாரியைப் பார்த்ததும் எழுந்தார், லுங்கியை இறக்கிவிட்டார், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் பூவைக் கையால் காட்டி, யாரையோ அறிமுகப்படுத்துவது போல, "சார், இதுதான்" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் திட்டத்தான் வாயைத் திறந்தார். பூவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, கடைசியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவரே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இது அந்தத் தொரைசாணி செடியில்ல? மொதல்ல எங்கிட்டத்தான் நீட்டினாங்க. வேண்டாம்னுட்டேன். பழக்கார அம்மா வேண்டாம்னுட்டா. போர்ட்டர் ரெண்டு பேரும் வேண்டாம்னாங்க" என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருஷத்துக்கு எத்தனை பூக்கும்?"

"இது வரைக்கும் மொத்தமே ரெண்டுதான் சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் யோசித்தார். "நல்ல இடம் குடுத்து, வேளாவேளைக்கு எல்லாம் குடுத்து, வருஷம் முழுக்க இலையை மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது. நம்ம பார்சல் ஆபீஸ்லயும் இப்பிடி ஒருத்தர் இருக்காரு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு அடங்காமல் தரையில் கையை ஊன்றிக்கொண்டார். அப்புறம்தான் நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம்.

அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, என் கையைப் பிடித்து, கொண்டுவந்த வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். "கொண்டாந்ததத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றார். இன்னும் குழந்தையில்லையா என்று எல்லோரும் எங்களைக் கேட்கிற கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் அன்று கேட்கவில்லை. வடையைத் தின்றுவிட்டு, மாங்காயையும் விட்டுவிட்டு, போகும்போது செடியின் வேரில் ஒரு பங்கைப் பிரித்துச் சாக்கில் கட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கொண்டுபோய், பிளாட்பார ஓரத்தில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற பெரிய குழாய்க்குப் பக்கத்தில் நட்டார். உரமில்லை, கஞ்சியில்லை. ஒவ்வொரு இஞ்சினும் தண்ணீர் குடிக்கும்போது கீழே கொட்டுகிற தண்ணீர்தான். அடுத்த கோடையில் அது பூத்த பூப்பு ஸ்டேஷனையே நிறுத்தியது. ஒன்று வாடினால் இரண்டு விரிந்தது. கொடைக்கானல் போகிறவர்கள் ரயிலிலிருந்து இறங்கி, மூட்டையைக்கூட எடுக்காமல் அங்கே போய் நின்றார்கள். எங்கள் வீட்டுச் செடி அந்த வருஷம் ஆரம்பத்திலேயே ஒரே ஒரு பூ பூத்துவிட்டு ஓய்ந்தது.

இவர் தினமும் சாயங்காலம் வந்து, "இன்னைக்கு நாலு", "இன்னைக்கு ஆறு" என்று சொல்வார். சொல்லும்போது பெருமையா, வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாது. நம் செடி மட்டும் ஏன் இப்படி என்று கேட்டால் விட்டுக்கொடுக்க மாட்டார். "அது ஸ்டேஷன். வேல பாக்குற எடம். இது வீடு. வீட்டுக்கு வந்தா எல்லாரும் செத்த ஓய்வாத்தான் இருப்பாக" என்பார்.

அந்தக் கோடையில்தான் எனக்கு நிஜமாகவே விசேஷம் ஆனது. இவர் ஸ்டேஷனில் போய்ச் சொல்ல வேண்டும். வேறு வார்த்தை தேடியிருக்கிறார், அகப்படவில்லை. மறுபடி நெளிந்துகொண்டு போய், "சார், வீட்ல விசேஷம்" என்றிருக்கிறார்.

ஸ்டேஷன் மாஸ்டர் தலையை நிமிர்த்தாமல், "செடிக்கா, சம்சாரத்துக்கா?" என்று கேட்டாராம்.

எனக்கு வாந்தி மயக்கமெல்லாம் ஓய்ந்த பிறகு, டீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒருநாள் காலை வண்டியில் அந்தச் செடியைப் பார்க்கப் போனேன். தகவல் முன்கூட்டியே போயிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். குழாயடியில் பூக்கள் கொத்தாக நின்றன. இஞ்சின் விட்ட நீராவி அவற்றின்மேல் பட்டு விலகியது. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"நம்ம வீட்டுப் பூ இத விடப் பெருசு" என்றேன்.

என் வீட்டுக்காரர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

"அப்பிடியா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ஆபீசுக்குள் போய் ஒரு மர அடிக்கோலை எடுத்து வந்தார். இருப்பதிலேயே பெரிய பூவுக்குக் குறுக்கே வைத்து அளந்தார். "அஞ்சே கால் அங்குலம். உங்க பூவை அளந்து சொல்லுங்க."

வீட்டுப் பூ அடுத்த கோடைக்குத்தான் வரும். அதுவரை எங்கள் வீட்டில் அதே பேச்சு. குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. இவர் வாரம் தவறாமல் அதன் நீளத்தையும் செடியின் நீளத்தையும் அளந்தார். நான் என் பங்குக்கு, யாரும் சொல்லாமலே, கஞ்சித் தண்ணீரை முதலில் லில்லிக்கு ஊற்றிவிட்டு அப்புறம்தான் மற்றதற்கு ஊற்றினேன்.

ஆனியில் ஒரு காலை அது விரிந்தது, அவர் வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில். அளப்பதற்கு நடுநிலையான ஆள் வேண்டும் என்று டீச்சரைக் கூப்பிட்டோம். டீச்சர் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். இடுப்பில் குழந்தையோடு நான் ஒரு பக்கம், டிபன் தூக்கோடு அவர் ஒரு பக்கம். டீச்சர் குனிந்து டேப்பை இதழின் நுனியிலிருந்து நுனிக்குப் பிடித்தார். ஒருமுறை பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். டேப் நாலே முக்காலில் நின்றது. எனக்கும் தெரிந்தது, என் வீட்டுக்காரருக்கும் தெரிந்தது.

டீச்சர் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். டேப்பை மெதுவாக விரலில் சுருட்டினார்.

"இந்த டேப்பு ரொம்பப் பழசும்மா. பிள்ளைங்க இழுத்து இழுத்து நீண்டு போச்சு. நீண்டுபோன டேப்பு எதை அளந்தாலும் கொறச்சலாத்தான் காட்டும்" என்றார். கணக்கு டீச்சர் இல்லையா, கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

"எம்புட்டுக் கொறச்சலாக் காட்டும் டீச்சர்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"முக்கால் அங்குலமாச்சும் காட்டும்."

அவர் விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தார், அஞ்சரை வந்தது. முகம் மலர்ந்தது. "போய்ட்டு வாரேன்" என்று எங்கள் இரண்டு பேருக்கும் பூவுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்தார். டீச்சர் டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "குழந்தையக் குடு, நீ செத்த ஒக்காந்து பூவப் பாரு. சாயங்காலம் கேப்பாருல்ல" என்றார்.